வாசகர் கேள்வி: கால் ஊன்ற மறுக்கும் கோழி

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றேகால் வயதான முட்டையிடும் கோழி ஒன்று, ஐந்து நாள்களாக வலது காலை ஊன்றாமல் நொண்டுகிறது. நேற்றிலிருந்து பெரும்பாலும் உட்கார்ந்தே கிடக்கிறது. இரை எடுக்கிறது, எச்சமும் வழக்கம்போல்தான் இருக்கிறது. மற்ற கோழிகள் நன்றாக உள்ளன. “இது வாதம், இனித் தேறாது, அறுத்துவிடு” என்கிறார் உறவினர் ஒருவர். மனிதர்களுக்கான வலி மாத்திரை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன், கொடுக்கலாமா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். வலி மருந்துகளில் சில பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்குக் காரணமான டைக்ளோஃபெனாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-இல் இந்தியா தடை விதித்ததை நினைவில் கொள்ளுங்கள். அறுக்கவும் அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் நம்பிக்கை தருகின்றன.

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோயாக இருந்தால், எச்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், ஒரு கோழியோடு நிற்காமல் அடுத்தடுத்துப் பல கோழிகள் சுருண்டு விழும். உங்கள் உறவினர் வாதம் என்று சொல்வது மேரக்ஸ் நோயாக இருக்கலாம்; அதில் ஒரு கால் முன்னாலும் மறுகால் பின்னாலும் நீண்டு கோழி படுத்துவிடும், அதற்குச் சிகிச்சையும் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் சில மாத வயதுடைய இளங்கோழிகளைத் தாக்குவது. ஒன்றேகால் வயதான கோழி, ஒரு காலை மட்டும் தூக்கிக்கொண்டு, நன்றாக இரையெடுக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதன் உள்ளங்கால்.

இரவில், கோழி அடங்கிய பிறகு, துண்டால் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். நானும் ஒருமுறை, நொண்டிய என் கோழிக்கு மூன்று நாள் வீணாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்; பிறகு விளக்கடியில் பிடித்துப் பார்த்தபோதுதான், சாக்கிலிருந்து பிரிந்த நைலான் இழை ஒன்று விரலிடுக்கில் சுற்றி, தோலுக்குள் புதைந்து, விரல் நீலம் பாரித்திருந்தது தெரிந்தது. நகக்கத்திரியால் அதை வெட்டியெடுத்த மறுநாளே அது காலை ஊன்றத் தொடங்கியது.

இழை எதுவும் இல்லாமல், உள்ளங்கால் மெத்தை வீங்கிச் சூடாக இருந்து, நடுவில் மிளகளவு கறுப்புப் பொருக்கும் தெரிந்தால், அது பாதப் புண். முள்ளோ கண்ணாடிச் சில்லோ குத்திய இடத்திலோ, உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் குதித்துக் கன்றிய இடத்திலோ கிருமி புகுந்து சீழ் கட்டுவதால் இது வருகிறது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பாதத்தைப் பத்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்து, பொவிடோன் அயோடின் களிம்பு தடவி, மெல்லிய துணியால் இறுக்காமல் கட்டுங்கள். கட்டை நாள்தோறும் மாற்றுங்கள். அந்தக் கிருமி மனிதர் தோலிலும் தொற்றக்கூடியது என்பதால் கையுறை அவசியம். பொருக்கை வீட்டிலேயே கீறியெடுக்க முயல வேண்டாம். மூன்று நான்கு நாள்களில் வீக்கம் குறையாவிட்டாலோ, மேல்மூட்டு வரை ஏறிவிட்டாலோ, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாதத்தில் ஒன்றுமே இல்லையென்றால், இரண்டு காலும் தளர்கின்றனவா என்று கவனியுங்கள். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து செலவாகிறது. தீவனத்தில் அது கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுத்து, ஒருநாள் எழ முடியாமல் போகும். வெறும் தவிடும் குருணையும் தின்று முட்டையிடும் கோழிகளுக்கு இது நேர்வதுண்டு. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையானதை அதுவே கொத்திக்கொள்ளும்.

காரணம் எதுவானாலும், உட்கார்ந்துவிட்ட கோழிக்கு நோயைவிடத் தாகமும் பட்டினியுமே பெரிய ஆபத்து. தண்ணீர் நான்கடி தள்ளி இருந்தாலும் அதற்கு எட்டாது; அலகுக்கு எட்டும் தூரத்தில் ஆழமில்லாத கிண்ணத்தில் வையுங்கள். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வைக்கோலை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பிப் பஞ்சாரத்தில் விடுங்கள்; மற்ற கோழிகள் கொத்தாமல், ஆனால் அவை கண்ணில் படும்படி இருக்கட்டும், தனியே அடைத்த கோழி இரையை வெறுத்துவிடும். பகலில் மூன்று நான்கு முறை பக்கம் மாற்றி உட்காரவைத்தால் நெஞ்செலும்பில் புண் வராது. பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருந்தால் உடனே கழுவித் துடையுங்கள்; ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் காப்பாற்றுவது கடினம். ஊறவைத்த கம்பும் அவித்த முட்டையும் கொடுக்கலாம். மாலையில் கழுத்தடியிலுள்ள இரைப்பையைத் தொட்டுப் பார்த்தால், எவ்வளவு தின்றது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

மருத்துவர் ஊசியோ மருந்தோ கொடுத்தால், எத்தனை நாள் அதன் முட்டையை உண்ணக்கூடாது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கோழி நடக்கத் தொடங்கிய பிறகு, அது அடையும் கட்டையை இரண்டடிக்குத் தாழ்த்தி, கீழே உமியைப் பரப்பிவிடுங்கள்.