ஒத்துணர்வுக்கு எத்தனை மார்க்?

ஒத்துணர்வை, அதாவது அடுத்தவர் மனசைப் புரிந்து உணர்வதை, அளப்பதாகச் சொல்லும் கேள்வித்தாள்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உளவியலாளராக இருக்கும் நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

அக்கா, நர்ஸிங் வகுப்பில் 28 கேள்வி கொண்ட தாள் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், என் தோழியைவிடக் குறைவு. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா? (மாணவி, சாட்ஸ்வர்த்)

அந்தக் கூட்டலை முதலில் அழித்துவிடு, தங்கச்சி. நீ சொல்வது மார்க் டேவிஸ் என்ற உளவியலாளர் 1980இல் வெளியிட்ட தாள் மாதிரி இருக்கிறது. அதில் ஏழேழு கேள்வியாக நான்கு பகுதிகள்: அடுத்தவர் நிலையில் நின்று யோசிப்பது, கதை மாந்தரோடு ஒன்றிப்போவது, பிறர் துன்பம் கண்டு இரங்குவது, அதைப் பார்த்துத் தானே கலங்கிப்போவது. நான்காவதைக் கவனி. அவசரம் என்றதும் கைகால் உதறிப்போகிறவருக்கு அங்கே மதிப்பெண் ஏறும். எல்லாவற்றையும் கூட்டினால், கட்டிலருகே பதறி அழுகிறவர் முன்னால் நிற்பார். ரத்தம் வழியும் இடத்தை நிதானமாக அழுத்திப் பிடிக்கிறவர் பின்னால் போய்விடுவார். நான்கையும் தனித்தனியாகப் பார். உன் தோழிக்கு எதில் கூடியிருக்கிறது என்றும் கேள்.

என் வீட்டுக்காரர் தாளை நிரப்பினார். அடுத்தவர் மனசு புரியுமா என்ற எல்லாக் கேள்விக்கும் ஆமாம், ஆமாம்தான்! பொய் சொல்கிறாரா? (பீனிக்ஸ்)

பொய் இல்லை அம்மா, அவர் நிஜமாகவே அப்படி நம்புகிறார். தாள் வாங்கி வைப்பது அந்த நம்பிக்கையைத்தான். அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வேன் என்று ஒருவர் சொல்வதும், சோதனை வைத்தால் அவர் உண்மையில் புரிந்துகொள்வதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மர்ஃபியும் லிலியன்ஃபெல்டும் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2019இல் எழுதினார்கள். திறமையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 1 சதவீதத்தைத்தான் கேள்வித்தாளால் விளக்க முடிந்தது.

வில்லியம் இக்கிஸ் வேறு வழியில் போனார். இரண்டு பேர் பேசுவதை வீடியோ எடுப்பார். பிறகு ஒருவர் அதை ஓடவிட்டு, தன் மனசில் ஏதாவது ஓடிய இடத்தில் எல்லாம் நிறுத்தி அது என்னவென்று எழுதிவைப்பார். மற்றவர் அதே இடங்களில் ஊகித்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு மதிப்பெண். (வீட்டில் செய்து பார்க்காதீர்கள், குடும்பம் தாங்காது.)

எங்கள் கோயிலில் காவடி அன்று விடியலிலிருந்து பந்தி பரிமாறுகிற அண்ணன் தனக்கு 0 முதல் 4 வரையில் 2 போட்டுக்கொண்டார். நேற்று சேர்ந்த பையன் எல்லாவற்றுக்கும் 4. எப்படி? (மியர்பேங்க்)

தாளில் படிக்கல் கிடையாது, அவரவர் கொண்டுவந்ததை வைத்து அவரவர் நிறுக்கிறார்கள். அண்ணன் தன் அம்மாவையோ பழைய தொண்டர்களையோ நினைத்து 2 போட்டிருப்பார். பையனுக்கு ஒப்பிட யார் இருந்தார்களோ! அதனால் இரண்டு ஊர், இரண்டு சமூகம் என்று சராசரியை வரிசைப்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

பெண்களுக்குத்தானே ஒத்துணர்வு அதிகம்?

கேள்வித்தாளில் ஆமாம், நன்றாகவே அதிகம். ஐசன்பர்கும் லெனனும் 1983இல் காட்டியது இது: உடல்மாற்றங்களை அளந்தாலோ, ஆளுக்குத் தெரியாமல் முகத்தைக் கவனித்தாலோ அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

என் 17 வயது மகன் 60 கேள்வித் தாளில் 26 வாங்கினான். ஆட்டிசம் என்று அர்த்தமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இல்லை. அது பேரன்-கோஹனும் வீல்ரைட்டும் 2004இல் வெளியிட்டது. 60இல் 20 கேள்விகள் சும்மா இடம் நிரப்ப; மீதி 40க்கும் தலா 2 வரை, ஆக மதிப்பெண் 80க்கு. ஆட்டிசம் வகைக் கண்டறிதல் பெற்றவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 30ஓ அதற்குக் குறைவோ வாங்கினார்கள் என்பது சரிதான். ஆனால் ஒப்பீட்டுக் குழுவிலும் சுமார் 12 சதவீதம் பேர் அதே இடத்தில் நின்றார்கள். தவிர, பல கேள்விகள் கூட்டத்தில் பேச்சுக் கொடுக்கும் சாமர்த்தியத்தைக் கேட்கின்றன. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை அதில் தோற்பான். வேறு கவலைகளும் இருந்தால் நேரில் காட்டுங்கள், தாளை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கால் சென்டருக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தலாமா? (லெனேசியா)

வேலை கேட்டு வந்தவர் 'எனக்கு இரக்கம் வராது' என்றா எழுதுவார்? நம் நாட்டுச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, உளவியல் சோதனை நம்பகமானது, செல்லத்தக்கது என்று அறிவியல்பூர்வமாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். எல்லோருக்கும் நியாயமாகப் பொருந்த வேண்டும். எந்தப் பிரிவினருக்கும் பாதகமாகச் சாயக்கூடாது. இணையத்தில் கிடைத்த தாளை வைத்து இதையெல்லாம் எப்படிக் காட்டுவீர்கள்? கோபமான வாடிக்கையாளராக ஒருவரை நடிக்கவைத்து, வந்தவரைப் பேசவிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் இந்தத் தாள்களே வீணா, டாக்டர்? தொண்டர் பயிற்சிக்குப் பின் மாற்றம் உண்டா என்று பார்க்க நினைத்தோம்.

அதற்கு உதவும். ஒரு ஆளைத் தீர்ப்பிடத்தான் உதவாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் கொடுங்கள். பயிற்சி பெறாத ஒரு குழுவுக்கும் அதே நாட்களில் கொடுங்கள். பெயர் எழுதச் சொன்னால் எல்லோரும் வள்ளலாராகிவிடுவார்கள்; அவரவரே தேர்ந்த ஒரு குறியெண் போதும். தாளைச் சேகரிக்கிறவர் பயிற்சி கொடுத்தவராக இருக்க வேண்டாம்.