பனிமலையில் லாரி கவிழ்ந்தால்: கேள்வி பதில்

ராணுவத்தில் 17 வருடம் லாரி ஓட்டினேன். அதில் ஐந்து சீசன் ஸ்ரீநகர் – லே சாலை. ஒரு நவம்பர் மாலை, 3,528 மீட்டர் உயரத்தில் இருக்கும் சோஜிலா கணவாயைத் தாண்டி கும்ரி பக்கம் போகும்போது வண்டி சறுக்கிக் கவிழ்ந்தது. நானும் துணை டிரைவரும் விடியும்வரை கேபினுக்குள்ளேயே இருந்து பிழைத்தோம். கேளுங்கள்.

கோவை வாசகி: கவிழ்ந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்?

இன்ஜினை அணைத்தேன். வண்டி வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது; நான் கீழே, துணை டிரைவர் மேலே பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். என் தோளை அவருக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். முன்கண்ணாடி போய்விட்டது. சீட் மெத்தை ஒன்றை அந்த ஓட்டையில் அடைத்தோம், இன்னொன்றைக் கீழே போட்டு உட்கார்ந்தோம். வெறும் இரும்பில் உட்கார்ந்தால் உடம்புச் சூட்டை அது உறிஞ்சிவிடும். நனைந்த சாக்ஸைக் கழற்றிவிட்டு என் பாதங்களை அவர் வயிற்றிலும் அவர் பாதங்களை என் வயிற்றிலும் சட்டைக்குள் வைத்துக்கொண்டோம்.

தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. "அரை மணி நேர நடைதான், போயிடலாம் அண்ணே" என்றார். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். காலையில் பார்த்தால் நடுவில் பெரிய பள்ளம். தேடி வருபவர்களுக்கு முதலில் தெரிவது வண்டிதான். அதை விட்டுப் போகாதீர்கள்.

சங்ககிரி டிரைவர்: குளிருக்கு ரெண்டு பெக் போடலாமா?

கூடாது. தோல் சூடாவது போல இருக்கும், உள்சூடு வெளியேறிவிடும்.

ஈரோடு: ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விடலாமா?

வண்டி நேராக நின்றால் மட்டும், அதுவும் விட்டு விட்டுத்தான். ஒவ்வொரு முறையும் இறங்கி, சைலன்சர் வாயை மூடியிருக்கும் பனியைத் தள்ளுங்கள். இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கம்தான் வரும்.

திருச்செங்கோடு: கேபினுக்குள் ஸ்டவ் பற்ற வைத்தால்?

அதே விஷக்காற்றுதான். கரி அடுப்பும் அப்படியே. வேண்டாம்.

நாமக்கல் டிரைவர்: இறக்கத்தில் நியூட்ரல்தான் நல்லது. கியரில் விட்டால் பின் சக்கரம் இழுக்கும். 22 வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

பாதி சரி அண்ணே. ஐஸில் திடீரென்று கியரைக் குறைத்தாலோ, எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போட்டாலோ பின் சக்கரம் சறுக்கும். அதற்காக நியூட்ரலில் விட்டால் வேகத்தைப் பிடிக்க ஏர் பிரேக்கைத் தவிர என்ன இருக்கிறது? ஐஸில் அதை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வாருங்கள், பிறகு அதை மாற்றாதீர்கள்.

அவரே: பின் சக்கரம் இழுத்துவிட்டால்?

கிளட்சை மிதியுங்கள், சக்கரம் உருளட்டும். போக வேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். பிடி கிடைத்ததும் கிளட்சை மெல்ல விடுங்கள்.

அவரே: அந்த நேரம் நியூட்ரல் மாதிரிதானே?

ஆமாம், அந்த இரண்டு மூன்று நொடிக்கு மட்டும். நீங்கள் முழு இறக்கத்துக்கும் சொல்கிறீர்கள். அப்படிப் போன ஒரு வண்டியைப் பள்ளத்திலிருந்து கயிறு கட்டி இழுத்தவன் நான். இதில் என்னால் இறங்கிவர முடியாது, மன்னியுங்கள்.

கரூர்: டீசல் உறைந்தால்?

சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்கென்றே -33 டிகிரி வரை உறையாத டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. கீழே டேங்கை நிரப்பிக்கொண்டு போகாமல் அங்கே போய் அதைப் போடுங்கள்.

மதுரை: விரல் மரத்துப்போனால் தேய்க்கலாமா?

தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள். அக்குளில் வையுங்கள்.

சேலம்: இன்சூரன்ஸ் எப்படி வாங்குவது?

அது எனக்குத் தெரிந்த துறை இல்லை. வக்கீலைக் கேளுங்கள்.

பரமத்தி: கேபினில் கேஸ் அடுப்பு ஓகேவா?

மேலே சொல்லிவிட்டேன். எந்த அடுப்பும் கூடாது.

ராசிபுரம் வாசகி: என் வீட்டுக்காரர் அடுத்த வாரம் ஆப்பிள் லோடு ஏற்ற காஷ்மீரில் இருக்கும் ஷோபியான் போகிறார். என்ன கொடுத்து அனுப்ப?

கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, தண்ணீர் புகாத கவரில் கட்டி. டார்ச், கடலை மிட்டாய், சின்ன மண்வெட்டி. எல்லாம் சீட்டுக்குப் பின்னால், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். வண்டி கவிழ்ந்தால் டூல்பாக்ஸைத் திறக்க முடியாது. அடுப்பு விஷயத்தை நீங்களே அவரிடம் சொல்லுங்கள் அம்மா. நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்.