மூக்கு கூர்மையானால் மூளையில் கட்டியா?

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகளாகத் தரம் பார்க்கிறேன். வீட்டில் பால் திரிவதும் எரிவாயு கசிவதும் எல்லோருக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடுகின்றன. ஆனால் மதியத்துக்குமேல் தொழிற்சாலையில் பழ வாசனையே தெரிவதில்லை. மூளைக்கட்டியாக இருக்கலாம் என்று இணையத்தில் படித்தேன். கடையில் வாங்கிய சொட்டு மருந்தை மூக்கில் விட்டுவருகிறேன்.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் கட்டியை நினைக்க ஒரு காரணமும் இல்லை. மூன்று பருவங்களாகப் பெங்களூரா, செந்தூரா மாம்பழங்களை முகர்ந்து பிரித்தவரின் மூக்கு தேறாமல் இருந்தால்தான் வியப்பு. இணையம் அதைச் சொல்லாது.

மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் உள்ளன. ஒரு மணம் அவற்றுள் எவற்றைத் தூண்டுகிறது என்னும் சேர்க்கையை மூளை படிக்கிறது. புளிக்கத் தொடங்கிய கூழ் எது, நல்ல கூழ் எது என்று நாள்தோறும் முகர்ந்து, தீர்ப்பு சரியா என்பதையும் உடனே அறிந்துகொள்பவரின் மூளை, பிறருக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு மணங்களைப் பிரிக்கக் கற்றுக்கொள்கிறது. ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற பொருளின் வாசனையே தெரியாதவர்களுள் பாதிப்பேர், அதைச் சில வாரங்கள் தொடர்ந்து முகர்ந்தபின் உணரத் தொடங்கியதாக 1989ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. சளிக் காய்ச்சலால் வாசனையை இழந்தவர்களிடம் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகியவற்றைக் காலையும் மாலையும் 12 வாரங்கள் முகரச் சொல்வதும் இதே நம்பிக்கையில்தான். ரோஜாவுக்கு ஓசூர் பக்கம் பஞ்சமுமில்லை.

மதியத்துக்குமேல் பழ வாசனை மறைவது மூக்கு அதற்குப் பழகிவிடுவதால்தான்; வெளியே சற்று நின்றுவிட்டு வந்தால் திரும்பிவிடும்.

சொட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். அடைப்பை நீக்கும் மருந்தை அடைப்பே இல்லாத மூக்கில் விடுவானேன்? நாள்கணக்கில் விட்டால் அதுவே மூக்கை அடைக்கும். பிறகு உங்கள் பிழைப்புக்கே இடைஞ்சல்.

கவனிக்க வேண்டியது வேறு. நீங்கள் முதலில் உணரும் வாசனையைக் கிட்டே வந்து முகர்ந்தால் பிறரும் உணர்கிறார்கள். அது உண்மையான வாசனை. எதுவும் எரியாத இடத்தில் ரப்பர் கருகுவதுபோல ஒரு நாற்றம் திடீரென எழுந்து, ஒவ்வொரு முறையும் அதே விதமாகச் சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ நீடித்து, கூடவே வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவதுபோலவோ, நடப்பதெல்லாம் முன்பே நடந்ததுபோலவோ தோன்றினால், அல்லது அந்நேரம் பேச்சு நின்று வெறித்துப் பார்ப்பதாகப் பிறர் சொன்னால், அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். அதற்குக் கட்டியும் ஒரு காரணம் என்பதால், அப்போது தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். அந்த நிமிடத்தை நேரில் பார்த்தவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் நினைவில் இல்லாததை அவர்தான் மருத்துவரிடம் சொல்ல முடியும்.