டிக்கி லிட்டரும் நாலு சக்கர ஓட்ட வேகனும்: வாசகர் கேள்விகள்

சுபாரு அவுட்பேக் வேகனின் (கூரை பின்கோடி வரை நீளும் கார்) டிக்கிக்கு அமெரிக்காவில் 920 லிட்டர் என்கிறார்கள், ஐரோப்பாவில் 561 என்கிறார்கள். எது பொய்?

இரண்டும் பொய்யில்லை, அளக்கும் முறைதான் வேறு. 6ஆம் தலைமுறை அவுட்பேக்குக்கு அமெரிக்காவில் போட்டது 32.5 கன அடி, அதாவது 920 லிட்டர். அது கூரை வரை சேர்த்த கணக்கு. ஐரோப்பாவிலோ 200×100×50 மி.மீ. கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். பொதுவாகச் சாமானை மூடும் டிக்கித் திரையின் உயரத்தோடு அடுக்குவதை நிறுத்திவிடுவார்கள். கட்டை நுழையாத மூலை முடுக்கு கணக்கிலேயே வராது. அதனால் 660 லிட்டர் போட்ட 3ஆம் தலைமுறை ஸ்கோடா சூப்பர்ப் வேகனை 920க்குப் பக்கத்தில் வைத்து, அவுட்பேக்தான் பெரியது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே முறையில் அளந்தால் சூப்பர்ப் நூறு லிட்டர் முன்னால் நிற்கிறது.

என்னைக் கேட்டால், ஷோரூமுக்கு இஞ்ச் டேப்போடு போவேன். சக்கர வளைவுகளுக்கு நடுவே எவ்வளவு அகலம், டிக்கியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், இந்த இரண்டும் போதும். பெட்டியைத் தூக்கி வைக்கப்போவது நீங்கள்தானே!

நாலு சக்கர ஓட்டம் (எஞ்சின் விசை நாலு சக்கரத்துக்கும் போவது) கொண்ட முதல் வேகன், அமெரிக்கக் கம்பெனி ஏ.எம்.சி.யின் ஈகிள்தானே?

இல்லை, சுபாரு முந்திக்கொண்டது. ஜப்பானில் தோஹோகு மின்வாரியத்தார் பனிக்காலத்தில் மின்கம்பிகளைப் பார்வையிட ஜீப்பில்தான் போய்வந்தார்கள். குளிரில் நடுங்காமல் போக, கார் போன்ற நாலு சக்கர ஓட்ட வண்டி கேட்டார்கள். மியாகி மாகாண சுபாரு விற்பனையாளர் 1300ஜி வேனில் நிசான் புளூபேர்ட் காரின் பின் டிஃபரன்ஷியலை (இடவல சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) பொருத்திக் காட்டினார். அந்தக் கைவேலைதான் 1972இல் லியோன் எஸ்டேட் வேன் 4டபிள்யூ.டி. என்று கம்பெனித் தயாரிப்பாக வந்தது. ஆனால் அதில் லீவரை இழுத்தால்தான் பின் சக்கரம் சேரும். காய்ந்த ரோட்டில் சேர்த்துவிட்டு வளைத்தால், பின்னால் விசை கொண்டுபோகும் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும்.

ஈகிளின் பெருமை வேறு. 1979 ஆகஸ்டில் அறிமுகமானபோதே லீவர் தொல்லை இல்லை. நடுவில் இருந்த விஸ்கஸ் கப்ளிங் என்ற கெட்டித் திரவ இணைப்பு முன்பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைச் சமாளித்தது. 1987இல் கிறைஸ்லர் ஏ.எம்.சி.யை வாங்கியது, 1988 மாடலோடு ஈகிள் முடிந்தது. கடைசி வருஷம் வேகன் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

அவுட்பேக் என்பது சுபாருவின் லெகசி காரை உயர்த்தியதுதானா?

ஆமாம். சொல்லப்போனால், 1995 மாடலில் உயர்த்தக்கூட இல்லை, அலங்காரம் மட்டும். 1996இல்தான் தரை இடைவெளி 7.3 அங்குலம் ஆனது. 2010 மாடலில் 8.7. இப்போதைய 2026 மாடல் பெட்டி போலிருக்கிறது. அதை வேகன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நாலு சக்கர ஓட்டம் உள்ளே இடத்தைத் தின்னுமா?

கொஞ்சம் தின்னும், அதுவும் தரைக்குக் கீழே. பின் டிஃபரன்ஷியல் வரும் இடத்தில் ஸ்டெப்னிக் குழியின் ஆழம் குறையலாம். பின்சீட் நடுவிலுள்ள மேட்டுக்கு ஷாஃப்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். முன்சக்கர ஓட்ட மாடலும் அதே அடித்தளத்தில் வந்தால் அந்த மேடு அதிலும் இருக்கும்.

ஒரு டயர் வெடித்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமா?

மற்ற மூன்றும் புதிதாக இருந்தால் சரி. நாலு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குமேல் வேறுபடக் கூடாது என்கிறது சுபாரு. மீறினால் முன்பின் சக்கரங்களை இணைக்கும் நடுக் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். பாதி தேய்ந்திருந்தால் நாலையும் மாற்றுங்கள், அல்லது புது டயரை மற்றவற்றின் அளவுக்குச் சீவித் தரும் கடையைத் தேடுங்கள்.