காதுக்குக் கீழே வலியில்லாத கட்டி: ஊசி குத்தினால் பரவுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. இடது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, இரண்டு வருஷமாக இருக்கிறது. வலி கிடையாது. ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஊசி பட்டால் புற்றாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். ஊரில் நடந்த முகாமில் 'குவாண்டம்' மெஷினில் பார்த்துவிட்டு, புற்று இல்லை, காந்தச் சிகிச்சையிலேயே கரைந்துவிடும் என்றார்கள். என்ன செய்வது?
– வாசகி, தென்காசி

பதில்: ஊசிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள் அம்மா. அது மெல்லிய ஊசி, பரவாது. ஏற்கெனவே புற்று இருந்தவருக்கு ஊசி போட்ட பிறகுதான் விஷயம் தெரியவந்திருக்கும். பழி ஊசி மேல் விழுந்துவிடுகிறது.

அந்த இடத்தில் இருப்பது பரோடிட் என்கிற உமிழ்நீர்ச் சுரப்பி. அதில் வரும் கட்டிகளில் சுமார் நான்கில் மூன்று புற்று அல்ல. அதற்காக அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. வருஷக்கணக்கில் கிடந்தால் சிலருக்கு அதுவே புற்றாகிவிடும்.

எனக்குப் பயமெல்லாம் கத்தியைப் பற்றித்தான். "சின்னக் கட்டிதானே, மரத்துப்போக ஊசி போட்டு அரை மணியில் எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முக நரம்பு அந்தச் சுரப்பிக்குள் நுழைந்துதான் ஐந்து கிளையாகப் பிரிகிறது. கண்ணை மூடுவதும் சிரிப்பதும் அதன் தயவில். அதோடு, சாதாரணக் கட்டியின் உறையைத் தாண்டிக்கூட அதன் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டியை மட்டும் தோண்டினால் நுனிகள் உள்ளேயே தங்கிவிடும். பல வருஷம் கழித்துப் பழைய தழும்பைத் தடவினால், தோலுக்கடியில் சின்னச் சின்ன மணிகளாகத் தட்டுப்படும். அந்த இரண்டாவது ஆபரேஷனில் நரம்பைக் காப்பாற்றுவது பெரும்பாடு. "நரம்பைக் கண்டுபிடித்து, அதைக் காப்பாற்றிச் சுரப்பியோடு சேர்த்து எடுப்பீர்களா?" என்று முதலிலேயே கேளுங்கள்.

பரோடிட் கட்டியில் தோலைக் கீறிச் சதைத் துண்டு எடுக்கக் கூடாது. விதிவிலக்கு வாய்க்குள், முக்கியமாக மேலண்ணம். அங்கும் குட்டி உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. அங்கே வரும் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு பரோடிட்டை விட மிக அதிகம். ஆகவே அங்கே துண்டு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பல்லில் சீழ் என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டு மாசக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணத்தில் வீக்கம் இரண்டு வாரம் தாண்டினால் துண்டுப் பரிசோதனை. திரும்பவும் சொல்கிறேன், இது அண்ணத்துக்கு. உங்கள் அப்பாவின் கட்டிக்கு அல்ல.

குவாண்டம் மெஷினுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் குவாண்டம் இயற்பியல் நிஜமாகவே வேலை செய்யும் இடம் எம்.ஆர்.ஐ. அறை. உள்ளே நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள், திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் கிடக்கிறது. அந்தக் குளிரில் மின்சாரத்துக்குத் தடையே இல்லாமல் போகிறது. இப்படிப்பட்ட பொருட்களைக் காகிதத்தில் கணக்குப் போட்டு ஆராய்கிறவர்கள் நம் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலேயே இருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கும், முகாமில் 'குவாண்டம்' மெஷின் என்று அப்பா கையில் கொடுத்த குச்சிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. புற்றைக் கண்டுபிடிக்கிறேன், குணப்படுத்துகிறேன் என்று விளம்பரம் செய்வதே மாய மருத்துவ விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, முகாம் கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. கேட்பார் யார்?

ஊசி முடிவில் சந்தேகம் என்று வந்தால் இன்னொரு தொல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றில் இருபதுக்கும் மேல் வகைகள், எல்லாமே அபூர்வம். அடினாய்டு சிஸ்டிக் என்ற வகை நரம்பைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து போகும். பத்து வருஷம் கழித்துக்கூட நுரையீரலில் தலைகாட்டலாம். இரண்டே வரியில் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பும் லேப்கள் இதற்கு உதவாது. ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும், அதிலிருந்து சீவிய கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்கி, அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடத்தில் மறுபடி படிக்கக் கொடுங்கள். அங்கே வாசலில் நின்றபடி, "புது ரிசர்ச் மருந்து இருக்கிறது, ரெண்டு லட்சம் கட்டினால் சேர்த்துவிடுகிறேன்" என்று ஒருவர் வரலாம். முறையான ஆராய்ச்சியில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண் என்ன என்று கேளுங்கள், ஆள் காணாமல் போய்விடுவார்.

இதற்கிடையில் அப்பாவுக்கு வாய் கோணினாலோ, இடது கண் மூட மறுத்தாலோ, வாதம் என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கட்டி இருக்கும் பக்கமே அப்படி ஆனால் அது புற்றின் அறிகுறியாக இருக்கலாம்.