கடைசி அத்தியாயத்தில் வரும் மருத்துவ அறிக்கை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகிக்குப் பதினேழு வயது. இன்னும் வயதுக்கு வரவில்லையே என்று கவலைப்பட்டு வீட்டில் டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். பரிசோதனையில் அவளுடைய குரோமோசோம், பொதுவாக ஆண்களுக்கு இருப்பதுபோல், எக்ஸ்ஒய் என்று தெரிகிறது. இதைக் கடைசி அத்தியாயம் வரை வாசகரிடம் சொல்லாமல் வைத்திருந்து அங்கே போட்டு உடைக்கிறேன். முதல் வரைவைப் படித்த நண்பர் ஒருவர், ‘இது உன் அனுபவம் இல்லையே, நீ எதற்கு இதை எழுதுகிறாய்?’ என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒரு வரிகூட ஓடவில்லை. நான் இதை எழுதலாமா? அதற்கு முன் எதைப் படிக்க வேண்டும்? முன்னுரையில் ‘உலகில் 1.7 சதவீதம் பேர் இன்டர்செக்ஸ்’ என்று போடலாமா?

என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

எழுதுங்கள். ஆனால் அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தூக்கி முன்னால் வையுங்கள், முடிந்தால் முதல் முப்பது பக்கத்துக்குள்.

இடைப்பாலினரை, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான அமைப்புகளில் அடங்காத உடம்போடு பிறந்த இன்டர்செக்ஸ் மக்களைப் பற்றிய கதைகளில் சலிக்கச் சலிக்க வரும் உத்தி இது. ஒருவருடைய உடம்பை விடுகதை மாதிரி மூடி வைத்திருந்து முடிவில் திறந்து காட்டுவது. வாசகர் திடுக்கிடுவார், புத்தகத்தை மூடிவிடுவார், அத்தோடு சரி. அந்தப் பெண்ணுக்கோ அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. மறுநாள் காலையில் எழுந்து அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், இன்னும் எத்தனையோ வருஷம் அதே உடம்போடு வாழ வேண்டும். அதில் ஒரு நாளைக்கூட எழுதப்போவதில்லை என்றால் அவளை எதற்காகப் படைத்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் அக்கறை தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

இந்த மக்களின் வாழ்க்கையில் மர்மம் என்று ஒன்று இருந்தால், அது அவர்களிடமிருந்து மற்றவர்கள் மறைத்ததுதான். 1950களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் மணி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு முறையை வகுத்தார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று சீக்கிரம் முடிவு செய்துவிட வேண்டும், உடம்பை அதற்கேற்ப அறுவை சிகிச்சையால் மாற்ற வேண்டும், பிறகு யாருக்கும் சந்தேகம் வராதபடி வளர்க்க வேண்டும். இது பல நாடுகளுக்குப் பரவியது. நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம் என்றால், நோயாளியிடமே பொய் சொல்வது. பிஜியன் பகோனிஸ் என்ற அமெரிக்கரிடம் சின்ன வயதில் சொல்லப்பட்டது, சினைப்பையில் புற்றுநோய் இருந்தது, எடுத்துவிட்டோம் என்று. கல்லூரி வகுப்பில் ஒருநாள் ஆண்ட்ரோஜன் உணர்வின்மை, அதாவது ஆண் ஹார்மோன்களை உடம்பு கண்டுகொள்ளாத நிலை, பற்றிப் பாடம் நடந்தபோது அவருக்குப் பொறி தட்டியது. தன் மருத்துவ ஆவணங்களை வாங்கிப் பார்த்தார். புற்றுநோயும் இல்லை, சினைப்பையும் இல்லை. எடுக்கப்பட்டவை உடம்புக்குள் இருந்த விந்தகங்கள். 2023இல் அவர் எழுதிய தன்வரலாற்றின் பெயர் ‘நோபடி நீட்ஸ் டு நோ’. யாருக்கும் தெரிய வேண்டாம்.

இப்போது உங்கள் நாவலை இந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள். அம்மாவுக்கு எப்போது தெரியும்? டாக்டர் அப்பாவை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டாரா? எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட்டார்கள்? வாசகருக்கு எல்லாம் தெரிந்து அவளுக்கு மட்டும் தெரியாமல் இருக்கும் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் தானாகவே இறுகும், நீங்கள் திருப்பம் எதையும் தேட வேண்டியிருக்காது.

இடைப்பாலினர் ஒருவர் தன் கதையைச் சொல்லும் ‘மிடில்செக்ஸ்’ நாவலைப் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், 2003இல் புலிட்சர் பரிசு வாங்கியது. அதன் ஆசிரியர் ஜெஃப்ரி யூஜெனிடிஸ் இடைப்பாலினர் அல்ல. ஆனாலும் விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார், அதுவும் அந்தப் பாத்திரத்தின் குரலிலேயே. அது பெரிய பலம். எனக்கு அதில் உறுத்துவது வேறு. உடன்பிறந்த இருவர் கல்யாணம் செய்துகொண்டதால் பேரக்குழந்தையிடம் இடைப்பால் நிலைக்குக் காரணமான மரபணு வெளிப்பட்டது என்று கதையைக் கொண்டுபோகிறார். அந்த ஒரு நிலைக்கு மரபியல்படி அது சாத்தியமே. ஆனால் படிக்கிறவர் மனதில் தங்குவது, தாத்தா பாட்டி செய்த பாவம் பேரக்குழந்தையின் உடம்பில் விடிந்தது என்பதுதான். நம் கதைகளில் ஊனத்துக்கும் நோய்க்கும் பூர்வஜென்மக் கணக்கு எழுதிய பழக்கம் போதாதா? உங்கள் நாவலில் அப்படிப் பாவக் கணக்குச் சொல்லும் ஜோசியக் காட்சி எதையாவது வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்து டாக்டர் அறை. இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் ‘எக்ஸ்ஒய் குரோமோசோம் உள்ள பெண்’ என்பது ஒரே நிலை அல்ல. அவளுக்கு இருப்பது முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்றால், உடம்புக்குள் விந்தகங்கள் இருக்கும், அவை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும், ஆனால் உடம்பின் செல்கள் அதைக் கண்டுகொள்ளாது. அந்த ஹார்மோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் மார்பு தானாகவே வளரும். அக்குளில் முடி இருக்காது, இருந்தாலும் மிகக் குறைவு. கர்ப்பப்பை இருக்காது. பதினேழு வயதில் வகுப்புத் தோழிகளைப் போலவே தெரிவாள், மாதவிடாய் மட்டும் வராது.

அதுவே ஸ்வையர் நிலை என்றால் கதையே வேறு. அவளுக்குக் கர்ப்பப்பை இருக்கும், வேலை செய்யாத இழை போன்ற திசுக்கள்தான் சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், ஹார்மோன் கொடுக்காமல் மார்பு வளராது. அந்தத் திசுக்களில் கட்டி வரும் ஆபத்து அதிகம் என்பதால் அவற்றை எடுத்துவிடச் சொல்வார்கள். பிற்காலத்தில் இன்னொருவரின் கருமுட்டையைப் பெற்று அவள் பிள்ளை பெற முடியும். முதல் நிலையிலோ பருவ வயதுக்கு முன் கட்டி வரும் வாய்ப்பு குறைவு, அதனால் இப்போது பலரும் அவசரப்பட்டு எடுப்பதில்லை. ஆக, டாக்டர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் இந்த இரண்டில் எது என்பதைப் பொறுத்து மாறும். ‘உனக்குப் பிள்ளை பிறக்காது’ என்ற வசனத்தை எழுதிவிட்டீர்கள் என்றால், ஒரு நிலையில் அது உண்மை, இன்னொன்றில் அது அவளிடமிருந்து ஒரு வாய்ப்பைப் பறிக்கும் பொய்.

அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அப்புறம் அவளுக்கு ஹார்மோன் மாத்திரை பல வருஷங்களுக்குத் தேவை, நிறுத்தினால் எலும்பு தேயும். எதற்கென்றே சொல்லாமல் கொடுக்கப்படும் ஒரு மாத்திரையை, ஒருநாள் எரிச்சலில் அவள் நிறுத்திவிடுகிறாள் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று, அறிக்கையைப் பார்த்ததும் அவள் முடியை வெட்டிக்கொண்டு ஆணாக மாறுவதாக எழுதிவிடாதீர்கள். முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்ணாகவே வாழ்கிறார்கள். இடைப்பால் என்பது உடம்பு அமைந்த விதம். தான் யார் என்று ஒருவர் உணர்வது தனி விஷயம். திருநங்கையர், திருநம்பியரின் கதையும் இதுவும் சில இடங்களில் தொட்டுக்கொள்ளும், ஆனால் ஒன்றல்ல. இதைக் குழப்பி எழுதும்போது இரண்டு பேருக்கும் அநியாயம் நடக்கிறது.

உங்கள் நண்பரின் கேள்வி நியாயமானது. அதற்கு என் பதில், அனுபவம் இல்லாதவர் எழுதக் கூடாது என்பதல்ல, அனுபவித்தவர் எழுதியதைப் படிக்காமல் எழுதக் கூடாது. ஏனென்றால் இந்த மக்களைப் பற்றி ரொம்பக் காலம் எழுதியவர்கள் டாக்டர்கள் மட்டுமே. பழைய மருத்துவப் பாடநூல்களில் வரும் புகைப்படங்களை நினைத்துப் பாருங்கள். துணியில்லாமல் சுவரை ஒட்டி நிற்கவைக்கப்பட்ட ஒரு சிறுமி, கண்களின் மேல் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை. அடையாளத்தை மறைக்கிறோம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். நடப்பது என்னவென்றால், நாம் அவளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவள் திரும்பிப் பார்க்க முடியாது. நாவலிலும் இந்தப் பட்டையைப் போட முடியும். அவளுடைய உடம்பை வர்ணித்துவிட்டு, அவள் என்ன நினைத்தாள் என்பதை விட்டுவிட்டால் போதும்.

முதலில் படிக்க வேண்டியது எர்குலின் பார்பனின் நினைவுக்குறிப்புகள். 1838இல் பிரான்சில் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்து, சக ஆசிரியையைக் காதலித்தவர். 1860இல் சட்டம் அவரை ஆண் என்று அறிவித்தது. 1868இல் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார். அருகில் கிடைத்த கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதியை ஒரு மருத்துவர் 1870களில் வெளியிட்டார், அவர் வெளியிடாமல் விட்டது நமக்குக் கிடைக்கவே இல்லை. 1978இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மிஷல் ஃபூக்கோ அதை மருத்துவ அறிக்கைகளோடு சேர்த்துப் பதிப்பித்தார். அந்த அறிக்கைகளைக் கடைசியில் படியுங்கள். காதலித்த மாதங்களைப் பற்றி அவர் எழுதும்போது இருக்கும் அந்த மூச்சுமுட்டும் நடையைப் படித்துவிட்டுப் பிரேதப் பரிசோதனைக் குறிப்புக்குப் போனால், ஒரே ஆளைப் பற்றித்தானா இரண்டும் என்று மனசு பதறும்.

அப்புறம் பகோனிஸ், 2017இல் வந்த ஹிடா விலோரியாவின் ‘பார்ன் போத்’. சமூகவியல் பக்கம் போக வேண்டுமென்றால் ஜார்ஜியான் டேவிஸ் எழுதிய ‘கன்டெஸ்டிங் இன்டர்செக்ஸ்’, அவரும் இடைப்பாலினர். டேவிட் ரீமரைப் பற்றிய புத்தகத்தை யாராவது சிபாரிசு செய்வார்கள். அது மனதை உலுக்கும் கதைதான், ஆனால் அவர் இடைப்பாலினர் அல்ல, சுன்னத்து அறுவையில் நடந்த விபத்தால் பெண்ணாக வளர்க்கப்பட்டவர். ஜான் மணியின் முறை எங்கே தவறியது என்று அறிய அதைப் படிக்கலாம், உங்கள் கதாநாயகியை அறிய அது உதவாது.

1.7 சதவீதத்தை முன்னுரையில் போட வேண்டாம். 2000இல் அன் ஃபாஸ்டோ-ஸ்டெர்லிங்கும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டது அது. அதில் மிகப் பெரும் பங்கு, பிறக்கும்போது வெளியே எதுவும் தெரியாத, பின்னால் தலைகாட்டும், அட்ரீனல் சுரப்பி சார்ந்த ஒரு நிலையைச் சேர்ந்தது. 2002இல் லெனார்ட் சாக்ஸ் என்ற மருத்துவர் அது போன்ற நிலைகளை நீக்கிவிட்டு 0.018 சதவீதம் என்றார். கிட்டத்தட்ட நூறு மடங்கு வித்தியாசம், யாரைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. அந்தச் சண்டையை நாவலின் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதில்லை. ஆயிரத்தில் ஒருவராக இருந்தாலும் லட்சத்தில் ஒருவராக இருந்தாலும் உங்கள் கதாநாயகியின் சிரமம் கூடவோ குறையவோ போவதில்லை.

கதை நடக்கும் ஆண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள். சம்மதம் சொல்ல முடியாத குழந்தைகளின் பாலுறுப்புகளை அவசியமில்லாமல் மாற்றும் அறுவை சிகிச்சைக்கு எதிராக ஐரோப்பிய நாடான மால்டா 2015இல் சட்டம் போட்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்புச் சொல்ல, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி இடைப்பால் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை சிகிச்சை கூடாது என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. உங்கள் கதாநாயகிக்குக் குழந்தைப் பருவத்தில் ஏதாவது செய்தார்கள் என்று வருமானால், அது எந்த வருஷம், அப்போது எது அனுமதிக்கப்பட்டிருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வரைவை ஒரு இடைப்பாலினரிடம் காட்ட வாய்ப்புக் கிடைத்தால் காட்டுங்கள். அது உழைப்பு, அதற்குப் பணம் கொடுங்கள். பிரதியைப் பற்றி மட்டும் கேளுங்கள், அவருடைய உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். டாக்டர் அறைக் காட்சியைத் திருத்தி எழுதியதும் எனக்கும் அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா