கரு உண்டாவதும் கரு தங்குவதும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை ஐந்தாறு ஆண்டுகளாக வாசித்துவருகிறேன்; எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு வயது 31. நாமக்கல் அருகே ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஆறாவது வாரத்திலும் இந்த ஆண்டு எட்டாவது வாரத்திலும் கரு கலைந்துவிட்டது. முதல் முறை தானாகவே போயிற்று. இரண்டாம் முறை, ஸ்கேனில் இதயத்துடிப்பு வரவில்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்து வெளியேற்றினார்கள். எனக்கு மாதவிலக்கு 29, 30 நாட்களில் தவறாமல் வந்துவிடும். இரண்டு முறையும் முயற்சி தொடங்கி மூன்று மாதங்களுக்குள் நாள் தள்ளிப்போனது. இப்போது மருத்துவர் லெட்ரோசோல் மாத்திரையை ஐந்து நாட்களுக்கு எழுதிக்கொடுத்து, முட்டையின் வளர்ச்சியை ஸ்கேனில் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்டடிக்கு வரச் சொல்லியிருக்கிறார். மருந்தோடு வந்த காகிதத்தில் அது மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று போட்டிருக்கிறது. கணவர் போட்டுக்கொள் என்கிறார். அத்தை, ஒரு வருடம் உடம்பைத் தேற்றிக்கொள் என்கிறார். வேண்டாம் என்று நான் விட்டுவிட்டு, மறுபடியும் ஒன்று நேர்ந்தால், அது என் பிடிவாதத்தால் நேர்ந்ததாக ஆகிவிடாதா? உங்களுக்கும் இப்படி நேர்ந்ததை ஒரு கட்டுரையில் இரண்டே வரியில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

நான் மருத்துவர் அல்ல. உங்கள் கோப்பைப் பார்த்தவளும் அல்ல. ஆகவே மாத்திரையைப் போடுங்கள் என்றோ போடாதீர்கள் என்றோ சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிச் சென்றிருக்கும் ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. மாதவிலக்கு தவறாமல் வருகிறது, இரண்டு முறையும் மூன்று மாதங்களுக்குள் கருத்தரித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்குக் கரு உண்டாவதில் சிக்கல் இல்லை, தங்குவதில்தான் இருந்திருக்கிறது. உங்களுக்கு எழுதப்பட்டிருக்கும் மாத்திரையோ கரு உண்டாவதற்கானது.

2004-இல் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். எனக்கும் 28 நாள் கணக்கு பிசகியதில்லை. இரண்டாவது கரு ஏழாம் வாரத்தில் போன பிறகு, ஒரு மருத்துவமனையில், முட்டையை முதிரச் செய்யும் குளோமிஃபீன் மாத்திரையை எழுதிக்கொடுத்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அப்போது எனக்குத் தோன்றவில்லை. மருந்துக்கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டி, ஐந்தைக் காகித உறையில் போட்டுத் தருவார். பத்தாம் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன். வெளியே நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், உள்ளே போய்விட்டு வருகிறவளிடம், "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். "இடது பக்கம் பதினாறு" என்பாள் அவள். சொல்வது மில்லிமீட்டர் கணக்கு, கேட்பவர்களின் முகத்தில் தெரிவதோ பரீட்சை மதிப்பெண் கேட்கிற படபடப்பு. பதினெட்டைத் தாண்டியவளுக்கு முட்டை வெடிக்க ஊசி போட்டு அனுப்புவார்கள். எனக்கு இருபது வந்த அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். நான்காம் மாதம் நாள் தள்ளிப்போனது. எட்டாம் வாரத்தில் அதுவும் நின்றுவிட்டது. மாத்திரை தன் வேலையைச் செம்மையாகத்தான் செய்திருந்தது. எனக்கு நடக்க வேண்டியிருந்த காரியம் வேறு.

தஞ்சாவூர் மாவட்டத்தில் பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருக்கருகாவூருக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். போகாவிட்டாலும் அத்தை சொல்லியிருப்பார். அங்கே கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில், குழந்தை வேண்டி வருகிறவர்களுக்கு நெய்யையும், கருவுற்றவர்களுக்குச் சுகப்பிரசவத்துக்காக விளக்கெண்ணெயையும் மந்திரித்துக் கொடுக்கிறார்கள். அந்த நெய்க்கும் எண்ணெய்க்கும் மருத்துவ குணம் உண்டா என்ற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. ஆனால் உண்டாவது வேறு, தங்குவது வேறு என்ற பாகுபாடு அந்தச் சன்னதியில் இருக்கிறது. நான் நான்கு மாதம் நடையாய் நடந்த இடத்தில் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

லெட்ரோசோல் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைச் சில நாட்களுக்குக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததைக் கண்ட மூளை, கருமுட்டைப் பையைத் தூண்டும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் முட்டை முதிர்ந்து வெளிப்படுகிறது. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிற, முட்டையே சரியாக வெளிவராத பி.சி.ஓ.எஸ். பெண்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அத்தகைய 750 பெண்களில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினரும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினரும் குழந்தை பெற்றார்கள். ஆனால் மாதந்தோறும் முட்டை தானாகவே வெளிவரும் ஒருத்திக்கு, வந்துகொண்டிருப்பதை இன்னொரு முறை வரவழைப்பதில் என்ன கிடைக்கும்? முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கையில் நேரும் பிழை. அந்தப் பிழையை இந்த மாத்திரை திருத்தாது. அதோடு, ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் முதிர்ந்து இரட்டைக் கரு உண்டாகும் வாய்ப்பும் சற்றே கூடுகிறது.

காகிதத்தில் படித்த புற்றுநோய் விஷயத்துக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு இதை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தினமும் எடுப்பார்கள். இங்கே ஐந்து நாட்கள்தான். குழந்தைக்குக் குறை வரும் என்ற அச்சம் 2005-இல் கனடாவில் நடந்த ஒரு மாநாட்டில் எழுந்தது. மறு ஆண்டே 911 குழந்தைகளை ஆராய்ந்த கனடிய ஆய்வு, குளோமிஃபீனோடு ஒப்பிட்டால் லெட்ரோசோலால் குறைபாடு கூடவில்லை என்று காட்டியது. ஆனாலும் நம் நாட்டில் 2011-இல் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு இதைப் பயன்படுத்தத் தடை விதித்து, 2017-இல்தான் நீக்கினார்கள். தடை நீங்கிவிட்டது, அந்தப் பேச்சு மட்டும் மருந்துக்கடை வாசலில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. ஆக, மாத்திரை ஆபத்தானது என்பதற்காக நீங்கள் தயங்க வேண்டாம். அது உங்களுக்கானதுதானா என்று தெரியாதவரை தயங்குவதில் தவறில்லை.

உங்கள் மருத்துவரிடம் ஒரு காரணம் இருக்கலாம். ஸ்கேனில் அவர் கண்ட ஏதோ ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். நன்றாக முதிர்ந்த முட்டை வெளியேறினால், அது விட்டுச்செல்லும் மஞ்சள் உடலும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை நன்றாகச் சுரந்து கருவைத் தாங்கும் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு. அந்தக் கருத்தில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அதனால் இழப்புகள் குறைந்தன என்பதற்குத் தெளிவான சான்றுதான் இல்லை. "டாக்டர், இந்த மாத்திரை எனக்குக் கரு உண்டாவதற்கா, தங்குவதற்கா? தங்குவதற்கு என்றால் எப்படி?" என்று அவரிடமே கேளுங்கள். அதை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிடும். கரும்பலகைக்கு முன்னால் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிற உங்களுக்கும் மறந்துவிடும்.

இரண்டு இழப்புகளுக்குப் பிறகு சோதனைகளைத் தொடங்கலாம் என்பதே இன்று ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல். மூன்றாவது வரை காத்திருந்த காலம் போய்விட்டது. தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பைக் காட்டும் ஸ்கேன் ஆகியவற்றோடு, இரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளுக்கான சோதனை இதில் முக்கியமானது. அதை 12 வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை எடுக்க வேண்டும். ஒரே ஒரு முடிவை வைத்துக்கொண்டு ஊசி போட ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு முறையும் இருப்பதாக உறுதியானால், குறைந்த அளவு ஆஸ்பிரினும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் பலன் தருகின்றன. காரணம் தெரியாத இழப்புகளில் அதே மருந்துகள் பலன் தருவதாகத் தெரியவில்லை. கோப்பின் மேல் உங்கள் பெயர் மட்டுமே இருக்கும் என்பதால், குரோமோசோம் சோதனை பரிந்துரைக்கப்பட்டால் அது கணவருக்கும் உரியது என்பதை நினைவூட்ட வேண்டிவரலாம்.

எல்லாச் சோதனைகளும் சரியாக இருக்கின்றன என்று முடிவு வந்தால் பலர் இடிந்துபோகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு குறையாவது கண்டுபிடிக்கப்பட்டால் தேவலாம் என்று இருந்தது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு அப்போது எனக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரிட்டனிலும் நெதர்லாந்திலுமாக, காரணம் தெரியாமல் மூன்றோ அதற்கு மேலோ கருவை இழந்த 836 பெண்கள் அதில் பங்குபெற்றார்கள். கருவுற்றதும் ஒரு பாதிப் பேருக்குப் புரோஜெஸ்டிரோனையும் மறு பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களில் 65.8 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 63.3 சதவீதத்தினர். இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேறுபாடு பெரிதல்ல என்பதையே சொல்வார்கள். நான் அந்த 63.3-ஐயே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றோ அதற்கு மேலோ இழந்தவர்கள், மருந்து எதுவும் இல்லாமல், பத்தில் ஆறு பேருக்கு மேல். உங்களுக்கு இழப்பு இரண்டுதான், வயதும் 31தான். கருவுற்ற பின் இரத்தக் கசிவு ஏற்பட்டால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு கருவை இழந்தவர்களுக்குக் கசிவு இருக்கும்போது புரோஜெஸ்டிரோன் உதவுகிறது என்று 2019-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. உதவி தேவைப்படும் இடம் அது.

என் மகள் 2006-இல் பிறந்தாள். அவளைக் கருவுற்ற மாதம் நான் எந்த மாத்திரையும் எடுக்கவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று எதையும் நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது.

அத்தை சொல்லும் ஒரு வருடத்தைப் பற்றி: உடம்பு தேற அவ்வளவு காலம் ஆவதில்லை. முதல் கரு கலைந்தபின் ஆறு மாதங்களுக்குள் மீண்டும் கருவுற்றவர்களுக்குத் தீங்கு கூடவில்லை என்று ஸ்காட்லாந்தில் 30,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்துச் செய்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. மனம் தேறுவதற்கு எவ்வளவு காலம் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். அதற்காக ஓரிரு மாதம் முயற்சியை நிறுத்தி வைத்தால் அதுவும் சரிதான். உங்கள் இடத்தில் நான் இருந்தால், அந்த ஐந்து மாத்திரைகளை இந்த மாதம் பீரோவில் வைத்துவிட்டு, முதலில் சோதனைகளை முடித்துக்கொண்டு, மேலே சொன்ன கேள்வியோடு கணவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரைப் போய்ப் பார்ப்பேன். அவர் சொல்லும் காரணம் உங்களுக்கு விளங்கினால், பொருந்துவதாகவும் தோன்றினால், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிடிவாதத்தால் நேர்ந்ததாக ஆகிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது, உண்டான கரு, முட்டையை முதிரச் செய்யும் மாத்திரையை எடுக்காததால் கலைவதில்லை. ஆனால் பேச்சு வராது என்று உங்களுக்கு என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. எனக்கு இரண்டாவது கரு போனபோது, காலாகாலத்தில் மாத்திரை எடுத்திருக்கலாம் என்றார் என் நாத்தனார். மாத்திரை எடுத்து மூன்றாவதும் போனபோது, மாத்திரைச் சூடுதான் கலைத்துவிட்டது என்றார். இரண்டு முறையும் அவர்தான் பத்து நாள் உடனிருந்து எனக்குச் சமைத்துப்போட்டார். என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டேதான் இரண்டையும் சொன்னார்.